சாசனம் சொல்லாத பெயர்

சென்ற தவணையில் ஒரு திங்கட்கிழமை வரலாற்றாசிரியர் விடுமுறையில் நின்றமையால், பத்தாம் வகுப்பை ஒரு பாடவேளைக்குப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நமக்கு வந்தது. நாம் பல்கலைக்கழகத்தில் கற்றதும் தமிழ். பள்ளியிற் கற்பிப்பதும் தமிழ். எனினும் அவ்வகுப்பு நமக்குப் பழக்கமான வகுப்பே. விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்றெண்ணிக் கரும்பலகையில் ‘1215’ என்று எழுதினோம். இங்கிலாந்தின் யோன் மன்னன், தனக்கெதிராகத் திரண்ட பிரபுக்களின் நெருக்குதலுக்கு இணங்கி, தேம்ஸ் நதிக்கரையிலுள்ள ரன்னிமீட் புல்வெளியில் மகாசாசனத்தை வழங்கிய ஆண்டு அது. அச்சாசனத்தின் முப்பத்தொன்பதாம் பிரிவை எடுத்துச் சற்று உற்சாகத்தோடே விளக்கினோம். சுதந்திரமான எவனையும், அவனுக்கு ஒத்தாரின் தீர்ப்பினாலோ நாட்டின் சட்டத்தினாலோ அன்றிப் பிடித்துச் சிறையிடுதலும், உடைமை பறித்தலும், அழித்தலும் கூடா என்பதே அதன் சாரம்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அன்று காலை பிந்தி வந்தமைக்காக நம்மால் வகுப்பு வாயிலில் நிறுத்திவைக்கப்பட்டவள் அவளே.

“சேர், இந்தச் சட்டம் வாறதுக்கு முதல் ஆரை அப்பிடிப் பிடிச்சு அடைச்சவை?”

“பிரபுக்களை” என்று கூறிவிட்டு மேலே சென்றோம். மணி அடித்தது. வகுப்பு கலைந்தது.

வீடு திரும்பிய பின்னரே, நாம் கூறியது விடையாகாது என்பது நமக்கு உறைத்தது. “ஆரை” என்றுதான் அவள் கேட்டாள். ஆட்களைப் பற்றி எழுந்த கேள்வியை ஒரு வர்க்கத்தின் பெயரைச் சொல்லி அடைத்துவிட்டோம். ஒரு சட்டத்தில் “சிறையிடலாகாது” என்று எழுதப்படுமாயின், அதற்கு முன்னர் எங்கோ ஒரு சிறைக்கதவு சாத்தப்பட்டிருத்தல் வேண்டும். அக்கதவைத் தேடிச் சில வாரங்கள் நூலகத்திற் கழித்தோம். அதன் பின்னால் நாம் கண்டது ஒரு பெண்ணையும் அவளுடைய மூத்த மகனையும் ஆகும்.

அவள் பெயர் மற்றில்டா. மோட் எனவும் வழங்குவர். பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பிறந்தவள். தந்தை பேர்ணாட், சென் வலரி என்னும் குடியைச் சார்ந்தவன். வட பிரான்சின் சொம் ஆற்று முகத்திலுள்ள அவ்வூர்த் துறைமுகத்திலிருந்துதான் 1066 ஆம் ஆண்டு நோர்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வெல்லக் கப்பலேறினான். அவனைப் பின்தொடர்ந்து கடல் கடந்த பிரெஞ்சு மொழி பேசும் பிரபுக்கள், இங்கிலாந்தின் நிலத்தைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். மண்ணை உழுதவரின் மொழி வேறு. மண்ணை உடையவரின் மொழி வேறு. ஆங்கிலோ நோர்மானியர் என்று வரலாற்று நூல்கள் குறிப்பது இவ்வுடைமையாளரையே.

மற்றில்டாவை மணந்த வில்லியம் டி பிரயோசும் அவ்வகுப்பினனே. நோர்மண்டியிலுள்ள பிறியூஸ் என்ற ஊரின் பெயரையே அவன் குடி தாங்கி நின்றது. சசெக்ஸ் பகுதியில் பிரம்பர் கோட்டையும், வேல்ஸ் எல்லைப்புறத்தில் பிரெக்கன், ராட்னர், பில்த், அபர்கவெனி முதலிய ஆட்சிப்பகுதிகளும் அவனுடையன. 1203 இல் கவர் நாடும் அவற்றோடு சேர்ந்தது. எல்லைப்புறப் பிரபுக்கள் தத்தம் எல்லைக்குள் ஏறத்தாழ அரசர்களாகவே நடந்தனர். வேல்ஸ் மக்களிடமிருந்து வாளால் எத்துணை நிலம் பறிக்கப்பட்டதோ அத்துணை நிலம் அவர்களுக்கு உரியதாயிற்று.

அவ்வாறு பறித்தோர் எத்தகையோர் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1175 ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில், குவென்ற் பகுதியின் வேல்ஸ் தலைவன் செய்சிலையும் அவனைச் சார்ந்தோரையும் வில்லியம் டி பிரயோஸ் அபர்கவெனிக் கோட்டைக்கு விருந்துக்கு அழைத்தான். வந்தவர்கள் விருந்து மண்டபத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டனர். அதனோடும் அமையாது, அவன் ஆட்கள் செய்சிலின் இல்லத்துக்குச் சென்று, மனைவியைச் சிறைப்பிடித்து, சிறு பையனான மகனையும் கொன்றனர். தன் மாமன் கொலையுண்டதற்குப் பழிவாங்கலே இது எனக் காரணம் கூறப்பட்டது. அக்கோட்டையின் தலைவியாக வாழ்ந்தவளே நம் மற்றில்டா.

ஆகவே, இவளை வீரத்திருமகளாக்கி மாலை சூட்ட நாம் இக்கட்டுரையை எழுதவில்லை. 1198 ஆம் ஆண்டு போவிஸ் நாட்டுத் தலைவன் குவென்வின்வின் பெயின்ஸ் கோட்டையை முற்றுகையிட்டான். அக்கோட்டை மற்றில்டாவின் பெயராலேயே வழங்கி வந்தது. அவளே அதனைக் காத்து நின்றாள் என்பது மரபு. ஈற்றில் அரச படை வந்து சேர்ந்தது. அன்று மாண்ட வேல்ஸ் மக்களின் தொகையை மூவாயிரத்துக்கு மேலாகக் கூறும் குறிப்புகள் உள. 1188 இல் வேல்ஸ் முழுவதும் சுற்றி வந்து பயண நூல் எழுதிய ஜெரால்ட் என்னும் மதகுரு, வீட்டினுள் உள்ள பொருளைக் காப்பதிலும் வெளியே பொருளைப் பெருக்குவதிலும் வல்லவள் என்று அவளைப் புகழ்கின்றார். உடைமை வர்க்கம் தன் பெண்களிடம் எதனைப் போற்றியது என்பதற்கு இப்புகழ்ச்சி நல்ல சான்று.

அவள் பெருக்கிய பொருள் எது? பெரும்பாலும் மாடு. வேல்சின் மலைச்சாரல்கள் மேய்ச்சலுக்கு உகந்தவை. பெத்யூன் குடியினரின் ஊழியத்திலிருந்த, பெயர் தெரியாத பிரெஞ்சுச் சரித்திரக்காரர் ஒருவர், அவளுடைய பேச்சு ஒன்றைப் பதிவு செய்துள்ளார். தன்னிடம் பன்னிரண்டாயிரம் கறவைப் பசுக்கள் உண்டென்றும், தன் பாலாடைக்கட்டிகளை அம்பும் கல்லுமாக வைத்துக்கொண்டே நூறு வீரர் ஒரு கோட்டையை ஒரு மாதம் காத்து நிற்கலாமென்றும் அவள் உறவினன் ஒருவனிடம் பெருமை பேசினாளாம். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆயினும் உணவுப் பொருளை எறிபடையாக எண்ணிப் பார்க்கும் அளவுக்கு ஒருத்தியின் களஞ்சியம் நிறைந்திருந்தது என்பதை அப்பேச்சு உணர்த்துகின்றது.

பன்னிரண்டாயிரம் பசுக்களை மற்றில்டா கறந்திருக்க மாட்டாள். பனி விலகாத விடியலில் தொழுவத்துக்கு நடந்தவர்கள், பாலைக் காய்ச்சி உறையவைத்துப் பிழிந்து உப்பிட்டவர்கள், கட்டிகளைச் சுமந்து களஞ்சியத்தில் அடுக்கியவர்கள் வேறு பெண்கள். அவர்களைப் பற்றி எந்தச் சரித்திரக்காரரும் ஒரு வரி எழுதவில்லை.

ஆயினும் நாட்டார் மரபு அவர்களை முற்றாக மறந்துவிடவில்லை என்றே நமக்குத் தோன்றுகின்றது. வை நதிக்கரையிலுள்ள ஹே என்னும் ஊரில் மற்றில்டாவை ‘மோல் வால்பி’ என்னும் அரக்கியாக்கிக் கதை சொல்வர். கோட்டைக்கு வேண்டிய கற்களையெல்லாம் தன் முன்றானையில் அள்ளி வந்து ஒரே இரவில் அதனைக் கட்டி முடித்தாளாம். ஒரு கல் அவளுடைய காலணிக்குள் விழுந்து உறுத்தவே, சினந்து அதனை ஆற்றுக்கு அப்பால் வீசினாளாம். மூன்று மைல் தொலைவிலுள்ள லோவ்ஸ் ஊர்த் தேவாலயத்திலே நிற்கும் பழைய சிலுவைக்கல்லைக் காட்டி, அதுவே அந்தக் கல் என்பர். கற்களைச் சுமந்து ஒடிந்த முதுகுகளை மறைக்கும் கதை இது என்று முதலில் எண்ணினோம். பின்னர் வேறொன்று தோன்றியது. கல் சுமந்தோரின் பேரப்பிள்ளைகள்தாமே இக்கதையைச் சொன்னவர்கள்! சீமாட்டியின் முன்றானையிலே கல்லை ஏற்றி, ஓர் இரவேனும் அவளைக் கொண்டு சுமப்பித்துப் பார்த்தார்கள் போலும்.

இனி அவளுடைய வீழ்ச்சிக்கு வருவோம். அதற்கு வித்திட்டது ஒரு கடன்.

1201 ஆம் ஆண்டு யோன் மன்னன் அயர்லாந்தின் லிமரிக் பகுதி உரிமையை வில்லியம் டி பிரயோசுக்கு வழங்கினான். இலவசமாக அன்று, 5,000 மார்க் விலைக்கு. மார்க் என்பது கையிற் புழங்கிய நாணயமன்று. கணக்கில் மட்டும் வழங்கிய அலகு. ஒரு மார்க்குக்கு 160 வெள்ளிப் பென்னிகள். ஆக, கடன் எட்டு இலட்சம் பென்னி. சாதாரண உழைப்பாளி ஒருவனின் நாட்கூலி ஒன்றிரண்டு பென்னியாக இருந்த காலம் அது. இத்தொகை தவணை முறையிற் செலுத்தப்பட வேண்டியது. ஆண்டுகள் கடந்தும் செலுத்தப்பட்டது 700 மார்க் மட்டுமே.

இங்கே ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். இத்தகைய கடன்கள் உடனே அடைக்கப்படும் என்று அரசனும் எதிர்பார்க்கவில்லை. பிரபுக்களுள் பலர் திறைசேரிக்குக் கடனாளிகள். அரசனின் அருள் உள்ளவரை அக்கடன் தோற்சுருளில் ஓர் எழுத்தாகக் கிடக்கும். அருள் நீங்கிய நாளில் அது சுருக்குக் கயிறாக மாறும். கயிற்றின் மறுமுனை எப்போதும் அரசன் கையிலேயே இருந்தது. கொடுப்பவன் தன் வலிமைக்காகக் கொடுக்கும் கடனில், அடைபடாமையே அவனுக்கு இலாபம்.

பிரயோஸ் மீது அரசனின் அருள் நீங்கியமைக்குக் கடன் மட்டும் காரணமா? வரலாற்றறிஞர் பலர் மற்றொன்றையும் சேர்த்துச் சொல்வர். யோனின் அண்ணன் மகன் ஆர்தர், அரியணைக்கு உரிமை கோரியவன். 1202 ஆகஸ்டில் மிரபோ என்னுமிடத்தில் அவனைச் சிறைப்பிடித்தவன் வில்லியம் டி பிரயோசே. 1203 ஆம் ஆண்டு றூவான் கோட்டையில் வைக்கப்பட்ட அப்பதினாறு வயது இளைஞனை அதன்பின் எவரும் காணவில்லை. குடிமயக்கத்தில் யோன் தன் கையாலேயே அவனைக் கொன்று, கல்லைக் கட்டிச் செயின் நதியில் எறிந்தான் என்று வேல்சின் மார்கம் மடத்துக் குறிப்பேடு கூறும். அம்மடம் பிரயோஸ் குடும்பத்தின் செல்வாக்கெல்லைக்கு அண்மையில் இருந்தது என்பதும் சிந்திக்கத்தக்கது.

1208 ஆம் ஆண்டு தன் பிரபுக்களின் விசுவாசத்தில் ஐயங்கொண்ட அரசன், அவர்களுடைய பிள்ளைகளைப் பிணையாகக் கேட்டு ஆளனுப்பினான். பிரயோஸ் இல்லத்துக்கும் ஆள் வந்தது. அங்கு நடந்ததை, சென் ஓல்பன்ஸ் மடத்துத் துறவியான வென்டோவர் ரோஜர் பின்னாளில் எழுதி வைத்துள்ளார். கணவன் வாய் திறக்கும் முன்னரே மற்றில்டா பேசினாள். சொந்த அண்ணன் மகனையே காக்காது கொன்றுவிட்ட அரசனிடம் தன் பிள்ளைகளை ஒப்படைக்க முடியாது என்றாள். எல்லோரும் அறிந்திருந்தும் எவரும் உரத்துச் சொல்லாத செய்தியை, அரசனின் தூதுவர் முகத்துக்கு நேரே சொன்னாள். கணவன் அவளைக் கடிந்துகொண்டான். அறிவற்ற பெண்போலப் பேசிவிட்டாய் என்றான். தான் பிழை செய்திருப்பின் தன்னொத்த பிரபுக்களின் தீர்ப்புக்குக் கட்டுப்படுவதாகத் தூதுவரிடம் கூறினான். செய்தி அரசனிடம் சென்றது.

தமிழ் கற்பிக்கும் நமக்கு இவ்விடத்தில் ஒக்கூர் மாசாத்தியார் நினைவுக்கு வருகின்றார். தந்தையையும் கணவனையும் போரில் இழந்த பின்னும், எஞ்சிய ஒரே மகனைத் தலைவாரி வேல் கொடுத்து அனுப்பிய தாயைப் பாடியவர் அவர். அப்பாடலை ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பிக்கின்றோம், வியக்கின்றோம், மாணவரையும் வியக்கச் செய்கின்றோம். மகனை வேந்தனுக்குக் கொடுக்க மறுத்த தாயைப் பாடியவர் எவரேனும் உண்டா என்று நாம் இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. கொடுத்தவளுக்குப் பாட்டு இருக்கின்றது. மறுத்தவளுக்கு மற்றில்டா கண்ட முடிவே இருக்கின்றது.

குடும்பம் அயர்லாந்துக்கு ஓடியது. அங்கே லெயின்ஸ்ரர்ப் பகுதியில் வில்லியம் மார்ஷல் என்னும் பெரும்பிரபு சில நாள் புகலிடம் தந்தான். பின்னர் மீத் பகுதியின் தலைவனும், மகள் மார்கரெட்டின் கணவனுமான வால்ரர் டி லேசியின் பக்கம் சேர்ந்தனர். 1210 ஆம் ஆண்டு யோன் மன்னன் பெரும்படையுடன் அயர்லாந்து வந்தான். கரிக்பேர்கஸ் கோட்டை வீழ்ந்தது. மற்றில்டாவும் மூத்த மகன் வில்லியமும் கடல் கடந்து ஸ்கொத்லாந்தின் கலோவே கரையை அடைந்தபோது பிடிபட்டனர்.

இப்போது விலை ஏறிவிட்டது. ஐயாயிரமாக இருந்த கடன், அரசனின் நல்லெண்ணத்துக்கும் உயிருக்கும் விலையாக, 50,000 மார்க் ஆயிற்று. எண்பது இலட்சம் பென்னி! யோன் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் அரசுக்கு ஓராண்டில் வந்த வருமானத்தையும் விஞ்சிய தொகை இது. எவராலும் கட்ட முடியாத தொகை. கட்ட முடியாது என்பதனாலேயே விதிக்கப்பட்ட தொகை. கணவன் வந்து உடன்படிக்கையை ஏற்றான். முதற்றவணை நாள் வருமுன், பிச்சைக்காரன் வேடமிட்டு ஷோரம் துறையிலிருந்து பிரான்சுக்குத் தப்பினான்.

தவணை கேட்டு அரசனின் ஆட்கள் மற்றில்டாவிடம் வந்தனர். தன்னிடம் இருப்பது 24 மார்க் வெள்ளியும், 24 பொற்காசுகளும், 15 அவுன்ஸ் பொன்னும் மட்டுமே என்றாள். பன்னிரண்டாயிரம் பசுக்களின் தலைவி கடைசியாகக் காட்டிய கணக்கு அதுதான்.

தாயும் மகனும் சிறையில் இடப்பட்டனர். வின்சர்க் கோட்டை என்பார் ஒரு சாரார். கோர்ப் கோட்டை என்பார் மற்றொரு சாரார். முன்னர்க் கூறிய பெத்யூன் சரித்திரக்காரர் எழுதுவது இது: ஒரு தானியக் கதிர்க்கட்டும் பச்சைப் பன்றியிறைச்சி ஒரு துண்டும் உள்ளே வைக்கப்பட்டன, கதவு அடைக்கப்பட்டது. பதினோராம் நாள் கதவைத் திறந்தபோது இருவரும் இறந்திருந்தனர். மகன் சுவரிற் சாய்ந்து அமர்ந்திருந்தான். தாய் அவன் கால்களுக்கிடையே அமர்ந்து, அவன் மார்பில் தலை சாய்த்திருந்தாள். மகனின் கன்னங்களிற் பற்குறி இருந்தது. பாலாடைக்கட்டிப் பெருமையையும் இம்மரணத்தையும் நமக்குச் சொன்னவர் ஒரே சரித்திரக்காரர் என்பதை மறத்தலாகாது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்படி அவர் சொல்லவில்லை. ஆயினும் நம்மால் வேறுவிதமாகப் படிக்க முடியவில்லை.

கணவன் 1211 ஆம் ஆண்டு பிரான்சில் இறந்தான். பாரிஸ் நகரின் சென் விக்ரர் மடத்தில் மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டான்.

யோன் மன்னன் தன் செய்கையை நியாயப்படுத்தி ஓர் அறிக்கை வெளியிட்டான். அது இன்றும் உள்ளது. கடன் எவ்வளவு, தவணை எப்போது, தவறியது எவ்வாறு என்று அது வரிவரியாகக் கணக்குச் சொல்கின்றது. நடந்தவை யாவும் இராச்சியத்தின் வழக்கப்படியும் திறைசேரியின் சட்டப்படியும் நடந்தன என்கின்றது. பிரபுக்கள் பலர் சாட்சிகளாக நின்றனர். பிரயோசின் உறவினரும் அவர்களுள் இருந்தனர். அவ்வறிக்கையில் பட்டினியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கொடுமை எப்போதும் கூச்சலிட்டுக்கொண்டே வரும் என்று நாம் எண்ணுகின்றோம். இங்கே அது கணக்குப் புத்தகத்தோடு, சாட்சிக் கையெழுத்தோடு, மிக அமைதியாக வந்திருக்கின்றது.

ஐந்து ஆண்டுகளின் பின் மகாசாசனம் எழுந்தது. மற்றில்டாவின் மகனும் ஹெரபோட் நகரின் ஆயருமான ஜைல்ஸ், அரசனை எதிர்த்துக் கிளர்ந்தோர் பக்கம் நின்றான். கடனாளியிடம் அசையும் பொருள் போதிய அளவு இருக்கும்போது நிலத்தைப் பறிக்கலாகாது என்று ஒன்பதாம் பிரிவு கூறுகின்றது. ஒத்தாரின் தீர்ப்பின்றிச் சிறையிடலாகாது என்று முப்பத்தொன்பதாம் பிரிவு கூறுகின்றது. பிரயோஸ் குடும்பத்துக்கு நேர்ந்தது பிரபுக்களின் நெஞ்சில் ஆறாத புண்ணாக இருந்தமையே இப்பிரிவுகளின் பின்னணிகளுள் ஒன்று என்பர் அறிஞர். ஆக, அம்மாணவி கேட்ட “ஆரை” என்பதற்கு விடையாகச் சொல்லத்தக்க பெயர்களுள் ஒன்று நமக்குக் கிடைத்துவிட்டது.

ஆனால் அதே சாசனத்தின் ஐம்பத்து நான்காம் பிரிவையும் படித்தல் வேண்டும். ஒரு பெண் கொலைக்குற்றம் சாட்டினால், கொலையுண்டவன் அவளுடைய கணவனாக இருந்தாலன்றி, அவள் சொல்லைக் கொண்டு எவரையும் சிறைப்பிடிக்கலாகாது என்கின்றது அது. ஆர்தரைக் கொன்றவன் அரசன் என்று வெளிப்படையாகச் சொன்னவள் ஒரு பெண். அவள் இறந்து ஐந்தே ஆண்டுகளில், கொலை பற்றிப் பெண் சொல்லும் சொல்லுக்கு எல்லை கட்டியவர்கள் அவளுடைய வர்க்கத்து ஆண்கள்!

இன்னொன்று: முப்பத்தொன்பதாம் பிரிவு காப்பது ‘சுதந்திரமான மனிதனை’. மண்ணோடு பிணைக்கப்பட்டு, பிரபுவின் நிலத்தை உழுது, அவன் அனுமதியின்றி ஊரைவிட்டு நீங்கவும் இயலாதிருந்த பெருந்தொகையான குடியானவர் அச்சொல்லினுள் அடங்கார். அவர்களுக்கும் ஒரு வாசகம் உண்டு. தண்டம் விதிக்கும்போது உழவுக்கு வேண்டியதை அவர்களிடமிருந்து பறிக்கலாகாது என்பது அது. உழவு நின்றால் நட்டம் யாருக்கு என்பது சாசனம் எழுதியோருக்கு நன்கு தெரியும். இச்சாசனம் பயனற்றது என்று நாம் கூறவில்லை. பின்னர் வந்த நூற்றாண்டுகளில் எளிய மக்கள் அந்தச் சொற்களைப் பிரபுக்களின் கையிலிருந்து பிடுங்கித் தமதாக்கிக் கொண்டனர். அது நெடிய போராட்டத்தின் வரலாறு, தனியே எழுதத்தக்கது.

மற்றில்டாவின் பெண்மக்களைப் பற்றியும் சொல்லிவிடல் வேண்டும். வேல்சின் தெகைபார்த் நாட்டுத் தலைவன் குறுபித்துக்கு மணஞ்செய்து கொடுக்கப்பட்ட மகள், தாய் மாண்ட அதே 1210 இல் இறந்தாள். அன்னோரா சிறைப்பட்டு, 1214 இல் விடுதலை பெற்று, பின்னாளில் ஒக்ஸ்போட்டுக்கு அருகிலுள்ள இவ்லி தேவாலயத்தை ஒட்டிய சிற்றறையில் தன்னை அடைத்துக்கொண்டு துறவியாக வாழ்ந்தாள். லெஸ்ரர் கோமகனின் விதவையான லொரெற்றாவும் 1221 அளவில் கன்ரபரிக்கு அருகே அத்தகைய சிற்றறை ஒன்றினுட் புகுந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தாள். தாயை அரசன் சுவருக்குள் அடைத்தான். பெண்மக்கள் இருவர் தாமே சுவருக்குள் புகுந்தனர். அதனைப் பக்தி என்று மட்டும் நம்மாற் கொள்ள முடியவில்லை. கோட்டையும் மறுமணமும் பிணையும் எட்டாத இடம் அக்காலத்துப் பெண்ணுக்கு வேறு எங்கே இருந்தது?

மார்கரெட் வேறு வழி சென்றாள். 1216 ஒக்ரோபர் 10 ஆம் நாள், நோயுற்றிருந்த யோன் மன்னன், தாய் தந்தையரதும் தமையனதும் ஆன்ம ஈடேற்றத்துக்காக ஒரு மடம் அமைக்க அவளுக்கு அக்கன்பரிக் காட்டில் நிலம் வழங்கினான். கொன்றவனே கொலையுண்டோருக்காகக் கொடுத்த நிலம். ஒன்பது நாட்களுக்குள் அவனும் இறந்தான். மார்கரெட் அந்நிலத்தை மறுக்காது வாங்கிக்கொண்டாள். தாயின் பெயர் ஏதேனும் ஒரு சாசனத்தில் ஏற வேண்டும் என்று எண்ணினாள் போலும்.

வரலாற்றாசிரியரின் இசைவோடு அடுத்த மாதம் அதே வகுப்பில் இவற்றையெல்லாம் சொன்னோம். வகுப்பு அமைதியாகக் கேட்டது. முடிவில் அம்மாணவி மீண்டும் எழுந்தாள்.

“சேர், கடன் பட்டது புருசன். செத்தது பெண்சாதியும் பிள்ளையுமோ?”

“ஓம்” என்றோம்.

அவள் அமர்ந்தாள். வேறெதுவும் கேட்கவில்லை. நாம்தாம் வகுப்பு முடிந்தபின் அவளை அழைத்து, திங்கட்கிழமைகளில் ஏன் பிந்தி வருகின்றாய் என்று முதன்முறையாகக் கேட்டோம். சிறிது நேரம் பேசாது நின்றாள். தகப்பனார் வீட்டில் இல்லை. எங்கிருக்கின்றார் என்பதும் தெரியாது. கடன் பத்திரத்தில் கையெழுத்து தாயினுடையது. திங்கட்கிழமை காலையில் தவணைப் பணம் வாங்க வருவார்கள். வந்தவர்கள் போகும்வரை தாய்க்குப் பக்கத்தில் நிற்பதற்காகவே பிந்துகின்றாள்.

மகாசாசனத்தின் முப்பத்தொன்பதாம் பிரிவை அவ்வளவு உற்சாகத்தோடு கற்பித்த நாம், அந்தக் காலையிலேயே ஒருத்தியை ஒரு கேள்வியுங் கேளாது தண்டித்து வாயிலில் நிறுத்தியிருந்தோம். வரவுப் புத்தகத்தில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையால் இட்ட குறிகள் இன்னும் இருக்கின்றன. அவையும் பள்ளியின் வழக்கப்படியே இடப்பட்டவை.

இப்போது திங்கட்கிழமைகளில் முதற்பாடத்தைச் சற்றுத் தாமதித்தே தொடங்குகின்றோம். அவள் வந்து அமர்ந்தபின் புத்தகத்தைத் திறக்கின்றோம்.